கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும்

1985ஆம் ஆண்டின் பிற்பகுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு அப்போது வயது 32. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று சொன்னார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அமெரிக்காவில் 1981இலேயே வெளிப்பட்டுவிட்ட நோய் அது. இங்கே பலருக்கும் அது யாரோ வெளிநாட்டுக்காரர்களின் வியாதி. நம் ஊர் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிர்மலா கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். பாலியல் தொழில் செய்யும் பெண்களை எங்கே போய்ப் பார்ப்பது என்பதுகூட அவருக்குத் தெரியாது. அரசுப் பொது மருத்துவமனைக்கு வரும் பெண்கள் ஓரிருவரோடு பழகி, அவர்கள் சொன்ன தகவலை வைத்துக்கொண்டு, பெண்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்துக்குப் போனார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கையுறை கிடையாது, பாதுகாப்பு உடை கிடையாது. மூன்று மாதத்தில் 80 பேரின் ரத்தம் சேர்ந்தது. சேமித்து வைக்க வேறு இடமில்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஜேக்கப் ஜான் தலைமையிலான ஆய்வகத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. 1986 மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டில். இந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்லவும் வேண்டும். ஆனால் இளம் ஆய்வாளர்களை எப்படி வளர்ப்பது என்று யோசிப்பவர்கள் இதற்குள் இருக்கும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, யாரும் தொடத் தயங்கிய தலைப்பை மாணவியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், முடிவு வரும் வரை கூடவே நின்றார் அந்த வழிகாட்டி. சுனிதி சாலமன் பிறகு 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, 2015இல் மறையும் வரை எத்தனையோ இளைஞர்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது விஷயம் கசப்பானது. ரத்தம் கொடுத்த பெண்களுக்கு, அது எதற்காக எடுக்கப்படுகிறது என்று தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே நினைத்திருந்தார்கள். இதை நிர்மலாவே பிற்காலத்துப் பேட்டியில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எப்படிச் சொல்லிக் கேட்பது என்பதை அன்றைக்கு யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. ஆனால் அதன் விலையை அந்தப் பெண்கள்தான் கொடுத்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே பெண்களைக் காப்பகத்தில் பூட்டி வைத்திருந்த கொடுமையை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத் திறமை ஒரு பயிற்சி. காயப்பட்ட மனிதரிடம் போய் உட்கார்ந்து கேட்கும் திறமை வேறொரு பயிற்சி. இரண்டாவதை நாம் இன்னமும் பயிற்சியாகவே மதிக்கவில்லை.

அப்படிக் கேட்கப் போகிறவர், எச்.ஐ.வி.யோடு போதையையும் மன அதிர்ச்சியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாக ஏன் பேச வேண்டும்? கிருமி ஒரு துறை, போதை இன்னொரு துறை, மனக்காயம் மூன்றாவது துறை என்று பல்கலைக்கழகம் பிரித்து வைத்திருக்கிறது. வாழ்க்கை அப்படிப் பிரித்து வைக்கவில்லை. அமெரிக்க மானுடவியலாளர் மெரில் சிங்கர் 1990களில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் ஏழைப் புவெர்ட்டோ ரிக்கோ மக்களிடையே வேலை செய்தபோது இதைத்தான் பார்த்தார். போதைப்பழக்கமும் வன்முறையும் எய்ட்ஸும் ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், பல சமயம் ஒரே உடம்பில் இருந்தன. ஒன்று மற்றொன்றை மோசமாக்கியது. வறுமையும் ஒதுக்குதலும் மூன்றுக்கும் தீனி போட்டன. ஒன்றை மட்டும் அளந்து மற்ற இரண்டையும் விட்டுவிடும் ஆய்வு, நடப்பதைப் பாதிகூடக் காட்டாது என்றார் அவர்.

நம் நாட்டுக் கணக்கே இதற்குச் சாட்சி. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்பட்டது. அந்தத் தரவை எடுத்து ஜே சில்வர்மன், மிஷெல் டெக்கர், அனிதா ராஜ் உள்ளிட்டோர் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மணமான 28,139 இந்தியப் பெண்களின் தரவு அது. கணவனிடம் அடியும் பாலியல் வன்முறையும் சேர்த்து அனுபவித்தவர்களில் 0.73 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, எதையும் அனுபவிக்காதவர்களில் 0.19 சதவீதம். பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தப் பெண்களில் பெரும்பாலோர் தாலி கட்டியவனைத் தவிர யாரையும் அறியாதவர்கள். 'ஆணுறை போடுங்கள்' என்று சொல்லும் துணிச்சல், நேற்று ராத்திரி அடி வாங்கியவளுக்கு எங்கிருந்து வரும்?

அடிக்கும் கைக்குப் பின்னால் பல வீடுகளில் பாட்டில் இருக்கிறது. 2019-21 குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன் வாய்த்த பெண்களில் பத்துக்கு ஏழு பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவனை உடையவர்களில் அது நாலில் ஒருவருக்கும் குறைவு. நாலில் ஒருவர் என்பதும் வெட்கக்கேடுதான். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மணிப்பூரைப் பாருங்கள். மியான்மர் எல்லை வழியாக ஹெராயின் தாராளமாகக் கிடைத்தது. 1980 முதல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1989இன் பிற்பகுதியில், ஊசி மூலம் போதை ஏற்றிக்கொண்டவர்களிடம் எச்.ஐ.வி. தலைகாட்டியது. சில மாதங்களுக்குள், பரிசோதித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருந்தது. அந்த இளைஞர்களிடம் ரத்தம் எடுத்தவர்கள் உண்டு. அந்த இளைஞர்கள் கண்ட சாவுகளையும் காணாமல்போன அண்ணன்களையும் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

குழந்தைப் பருவத்துக் காயம் எவ்வளவு தூரம் பின்தொடரும் என்பதை 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் காட்டினார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில், மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்து மக்களிடம் நடந்த ஆய்வு அது. சிறுவயதில் அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடிகாரர், சிறைக்குப் போன உறவினர் என்ற மாதிரியான அனுபவங்களில் நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு, எதுவும் இல்லாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். வசதியான வீட்டுக்கே இந்தக் கணக்கு என்றால், வசதியற்ற வீட்டின் கணக்கை நாமே ஊகிக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. என்னை இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை கொள்ள வைத்த விஷயமும் அதுதான். கேத்லீன் சிக்கிமா என்ற உளவியலாளரின் குழு, எச்.ஐ.வி. உள்ளவர்களும் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுமான 247 பேரை நியூயார்க்கில் சேர்த்தது. ஒரு பாதிக்கு வழக்கமான ஆதரவுக் குழு. இன்னொரு பாதிக்கு, பழைய காயத்தையும் இன்றைய நோயையும் சேர்த்துப் பேசிச் சமாளிக்கக் கற்றுத்தரும் 15 வாரக் கூட்டங்கள். இரண்டாவது குழுவில் பாதுகாப்பற்ற உறவு கூடுதலாகக் குறைந்தது. பிறகு 2010இல், அப்போது இளம் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா மீட் அதே தரவைக் கொண்டு இன்னொரு கேள்வி கேட்டார்: இவர்களுடைய குடியும் கொக்கைன் பழக்கமும் என்ன ஆயின? அவையும் குறைந்திருந்தன. காயத்துக்கு மருந்து போட்டதில் மற்ற இரண்டும் தளர்ந்தன. ஆனால் அதைத் தேடிப் பார்க்க, மூன்றையும் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவர்களைத் திட்டமிட்டு உருவாக்க முயன்ற இடங்களில் முக்கியமானது, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே கெயில் வையாட் என்ற உளவியலாளர், அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் நிதியுடன், எச்.ஐ.வி., போதை, மன அதிர்ச்சி மூன்றையும் சேர்த்து ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தை நடத்தினார். கலிஃபோர்னியாவில் உளவியலாளராக உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1985இலேயே, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துக் கறுப்பின, வெள்ளையினப் பெண்கள் 248 பேரை நேரில் பேட்டி கண்டு, சிறுவயதுப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய ஆய்வை வெளியிட்டவர். அவர்களில் 62 சதவீதம் பேர் 18 வயதுக்குள் ஏதோ ஒரு வகையில் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பலரும் நம்ப மறுத்த எண்ணிக்கை. அவருக்கு அவ்வளவு பேர் வாய் திறந்ததற்குக் காரணம், கேட்ட முறை. ஒரே கேள்வியைப் போட்டுவிட்டு 'இல்லை' என்ற பதிலோடு எழுந்து வரவில்லை. பயிற்சி பெற்ற பெண்கள் நிதானமாக, நடந்த செயல்களைக் குறிப்பிட்டுக் குறிப்பிட்டு, பல கேள்விகளாகக் கேட்டார்கள்.

அமெரிக்காவில் இப்படியொரு திட்டம் தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மூன்று துயரங்களும் அதிகமாகத் தாக்கும் சமூகங்களிலிருந்து வரும் ஆய்வாளர்களுக்கே அங்கு நிதி கிடைப்பது கடினம். 2011இல் டோனா கிந்தர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, படிப்பு, வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின ஆய்வாளரின் விண்ணப்பத்துக்கு அரசு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்றது. எனவே நல்ல வழிகாட்டி, சிறு முன்னோட்ட ஆய்வு, நிதி விண்ணப்பம் எழுதும் பழக்கம், கூடப் படித்த நண்பர் கூட்டம் ஆகியவற்றைத் தேடிக்கொடுப்பதும் பயிற்சியில் சேர்கிறது. தலித் மாணவரும் திருநங்கை மாணவரும் முதல் தலைமுறைப் பட்டதாரியும் ஆய்வுக்கு வரும் நம் பல்கலைக்கழகங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கேட்பது என்றால் என்ன? களத்துக்குப் போகும் இளைஞரிடம் வினாத்தாளைக் கொடுத்து அனுப்பினால் போதாதா? போதாது. அமெரிக்காவில் சார்லஸ் டர்னர் குழுவினர் 1998இல் 15 முதல் 19 வயது வரையுள்ள பையன்களிடம் ஒரே கேள்விகளை இரண்டு விதமாகக் கேட்டார்கள். தாளில் எழுதச் சொன்னபோது, இன்னொரு ஆணுடன் உறவு வைத்ததாகச் சொன்னவர்கள் 1.5 சதவீதம். காதில் மாட்டிய கருவி கேள்வியைச் சொல்ல, கணினியில் தனியாகப் பதில் அழுத்தச் சொன்னபோது 5.5 சதவீதம். ஊர் அதேதான், வயதும் அதேதான். கேட்ட விதம் மாறியதும் உண்மை மூன்று மடங்குக்கு மேல் ஆனது. ஆனால் கருவி எல்லா இடத்திலும் உதவாது. காயத்தைப் பற்றிப் பேசும்போது, எதிரே ஒரு மனித முகம் வேண்டும். எப்போது எது என்று தெரிவதுதான் பயிற்சி.

சென்னையில் ஒரு குடிசைப் பகுதிக்குப் போகும் முதுகலை மாணவியை எண்ணிப் பாருங்கள். வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையனிடம், 'நீ சட்டவிரோதப் போதைப்பொருள் உபயோகிக்கிறாயா?' என்று அச்சடித்த கேள்வியை வாசித்தால் 'இல்லைக்கா' என்பான். மாத்திரையை அவன் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்திருக்கவே மாட்டான். அவனுடைய அம்மாவிடம், 'உங்களுக்குக் குடும்ப வன்முறை நடந்திருக்கிறதா?' என்றாலும் அதே பதில். 'கோபம் வந்தா வீட்டுக்காரரு கைநீட்டுவாராம்மா?' என்று கேட்டால், 'யாரு வீட்லதான் இல்ல' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார். பேசிவிட்டு, 'இதெல்லாம் எதுக்குக் கண்ணு கேக்குற? நீ என்ன பண்ண முடியும்?' என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு மாணவியிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும். எய்ட்ஸ் உதவிக்கு 1097, மனநல உதவிக்கு 14416 என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது பதில் ஆகாது. எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமை, எந்த மருத்துவரிடம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் கூடவே போக வேண்டும்.

சட்டத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய நோய் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியே சொல்லக்கூடாது என்கிறது. 1985இன் போதைப்பொருள் சட்டம், பயன்படுத்துபவரையும் குற்றவாளியாகப் பார்க்கிறது. 2012இன் போக்சோ சட்டமோ, 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஒரு 17 வயதுப் பெண் ஆய்வாளரை நம்பி, 'அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று பேசத் தொடங்கினால் என்ன செய்வது? 'சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் சட்டத்தை மீற வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டுப் புகார் செய்தால் அது துரோகம். ஒரே நேர்மையான வழி, அவள் பேசத் தொடங்குவதற்கு முன்பே, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று அவளுக்குப் புரியும்படி சொல்லிவிடுவது. இதனால் சிலர் பேசாமல் போகலாம். போகட்டும். நம் தரவைவிட அவளுடைய தெரிவு பெரிது. இதையெல்லாம் ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடிப்பவர்கள் அந்தப் பெண்ணின் நம்பிக்கையை மதிக்கவில்லை என்றே சொல்வேன்.

கேட்பவரின் மனசு பற்றியும் பேசியாக வேண்டும். அடுத்தவர் துயரத்தை நாள்தோறும் கேட்டு எழுதுபவர்களுக்குத் தூக்கம் கெடும், கனவில் அந்தக் கதைகள் வரும், சாதாரணச் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள். சிறுவயதில் தானே காயப்பட்டவர்களாக இருந்தால் பாரம் இன்னும் அதிகம். இந்தத் துறையைத் தேடி வருபவர்களில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. பேட்டி எடுத்தவரையாவது சில வழிகாட்டிகள் விசாரிக்கிறார்கள். அறைக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அழுகையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தட்டச்சு செய்பவரை யாரும் நினைப்பதேயில்லை. வாரம் ஒருமுறை கூட்டி உட்கார வைத்து, 'இந்த வாரம் எது மனசைவிட்டுப் போகவில்லை?' என்று மூத்தவர் கேட்பதற்கு நிதி எதுவும் தேவையில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கினாலே பல இளைஞர்கள் பாதியில் துறையை விட்டு ஓடமாட்டார்கள். 'இதுக்கெல்லாம் அழுதா எப்படிம்மா ஆய்வு பண்ணுவ?' என்று கேட்கும் வழிகாட்டி இந்தத் தலைப்பில் வழிகாட்டத் தகுதியற்றவர்.

தோல்வியைக் கையாளவும் பழக வேண்டும். சுனிதி சாலமனின் மகன் சுனில் சாலமன் தலைமையில் இந்தியாவின் 22 இடங்களில் பெரிய ஆய்வு நடந்தது. ஊசி வழிப் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும், பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தால் பரிசோதனைக்கு வருபவர்கள் கூடுவார்களா என்பது கேள்வி. 2019இல் முடிவு வெளியானது. கூடியது போலத் தெரிந்தாலும், புள்ளியியல் ரீதியாக உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. ஆனால் மையங்களின் சேவை அதிகமானவர்களைச் சென்றடைந்த ஊர்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அதை அப்படியே மறைக்காமல் எழுதினார்கள். நம் ஆய்வு மாணவர்கள் வகுப்பில் வைத்துப் படிக்க வேண்டிய கட்டுரை அது. எல்லா ஆய்வேடும் 'கருதுகோள் நிரூபிக்கப்பட்டது' என்றே முடியும் ஊரில், இந்த நேர்மையும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கான ஆட்களும் இடங்களும் இல்லாமல் இல்லை. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை குடிநோய்ச் சிகிச்சையில் நாட்டுக்கே முன்னோடி. 2004இல் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை ஒன்று. எச்.ஐ.வி. மருந்து, உறவில் கிருமி பரவுவதைப் பெருமளவு தடுக்கும் என்று 2011இல் நிரூபித்த சர்வதேச ஆய்வில் சென்னையும் பங்கேற்றது. இருந்தும், உளவியல் மாணவருக்குக் கூட்டுமருந்து மையம் எப்படி இயங்குகிறது என்று தெரியாது. நுண்ணுயிரியல் மாணவர் போதை மறுவாழ்வு மையத்தின் வாசலை மிதித்திருக்கமாட்டார். சமூகப்பணி மாணவர் இரண்டு இடத்துக்கும் போவார். அவருக்கு ஆய்வு முறையைக் கற்றுத்தர நேரம் ஒதுக்குபவர்கள் குறைவு. ஆய்வேட்டுக்கு ஒரே வழிகாட்டி என்ற வழக்கத்தைத் தளர்த்தி, இந்த மூன்று துறைகளிலிருந்தும் ஒவ்வொருவரைச் சேர்த்து வழிகாட்டச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களையும் போதையிலிருந்து மீண்டவர்களையும் பயிற்றுநர்களாக, உரிய சம்பளத்தோடு அழைத்து வருவது மீதிப் பாதி. கேள்வி எங்கே குத்தும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் பல ஆண்டுகள் ஆகலாம். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள ஆய்வு நெறிக் குழு, இத்தகைய ஆய்வுத் திட்டம் மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேட்கட்டும். களத்துக்குப் போகும் இளைஞருக்குக் கேட்கக் கற்றுத்தந்தது யார்? பேசிவிட்டு உடைந்துபோகும் மனிதரை அன்றைக்கே யாரிடம் அழைத்துப் போவார்? கேட்டுவிட்டு வரும் அந்த இளைஞரை யார் கேட்பார்? மூன்றுக்கும் பெயரோடு பதில் சொல்ல முடியாத திட்டத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.